உறைந்த பாலும் திரைந்த பாலும்

என் புருஷனின் தமக்கையை நேரில் "மச்சாள், நீங்கள்" என்றுதான் கூப்பிடுவேன். எழுத்தில் அந்த மரியாதை அவளுக்குக் கிடையாது. தாளுக்கு வாய் இல்லை, போய்க் கோள் சொல்லாது.

ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாடு முடிந்ததும் நான் அவள் வீட்டுக்குப் போவதைப் பார்த்து, எங்கள் ஊர் மடத்துவெளியில் என்னைப் பெரிய மனுஷி என்று சொல்லிக்கொண்டார்கள். ஞாபகம் கெட்டுப்போன மச்சாளை, எழுபத்தாறு வயதில் ஒருத்தி வெயிலுக்குள் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறாளாம். சொல்லட்டும். சனத்துக்கு வேறு வேலை இல்லை. நான் அன்புக்குப் போகவில்லை. ஒரு கடிதத்துக்குப் போனேன். அந்தக் கடிதம் தாளில் இல்லை, அவளுடைய தலைக்குள் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. தலையோ நாளுக்கு நாள் வெறுமையாகிக்கொண்டிருந்தது. அது முழுக்க வெறுமையாக முன்னர் எனக்குச் சேரவேண்டிய ஒரு வரியை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் பெரிய மனசு.

நான் நெடுந்தீவில் பிறந்தவள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எனக்குப் பிறகு ஐந்து பேர் பிறந்தார்கள். அவர்களைச் சுமக்க ஓர் இடுப்பு தேவைப்பட்டது, இருந்தது என்னுடையது. அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் அது என்பதே கலியாணம் முடித்துப் புங்குடுதீவுக்கு வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. பதிவுக்காரர் கொப்பியை நீட்ட, நான் பெருவிரலை மையில் தோய்த்தேன். மச்சாள் பள்ளிக்கூடத்து ரீச்சர். எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"நெடுந்தீவில குதிரை இருக்கெண்டு தெரியும். பள்ளிக்கூடம் இல்லையெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

சபை சிரித்தது. என் புருஷன் சிரிக்கவில்லை. அவரைப் பற்றி நான் முதலில் அறிந்துகொண்டது அதைத்தான்.

அவர் தெற்கே ஒரு கடையில் நின்றவர். வருஷத்தில் இரண்டு தரம் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் கடிதம். கடிதம் என் பெயருக்கு வரும், திறப்பவள் மச்சாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பாள். நான் நிலத்தில் இருப்பேன். பிள்ளைகளுக்குப் பாடம் வாசிப்பதுபோல, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து வாசிப்பாள். நான் சொல்லச் சொல்ல மறுமொழியையும் அவளே எழுதுவாள். சொன்னதில் பாதிதான் தாளுக்குப் போனது என்பது பிறகு தெரிந்தது.

சண்டையால் பாதைகள் பூட்டிக் கிடந்த காலத்தில் ஒரு கடிதம் எப்படியோ வந்து சேர்ந்தது. வழக்கம்போல வாசித்துக்கொண்டு போனவள் முடிவுக்குக் கிட்ட ஓரிடத்தில் நின்றுவிட்டாள். கண் கீழே போனது. பிறகு மேலே வந்து என்னைப் பார்த்தது. தொண்டையைச் செருமினாள். "சுகமாயிருக்கவும்" என்று ஒரேயடியாக முடித்து, தாளை நாலாய் மடித்துவிட்டாள். எழுத்துத் தெரியாதவள் முகத்தை நன்றாக வாசிப்பாள். இவள் எதையோ விழுங்கிவிட்டாள் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். கேட்கத்தான் வாய் எழும்பவில்லை.

பன்னிரண்டு நாளில் அவர் அங்கேயே நெஞ்சு வலித்துச் செத்துப்போனார். உடம்பு ஊருக்கு வரவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு கடிதத்தைக் கேட்டேன். "தம்பியின்ர கடைசி எழுத்து. அது என்னட்டை இருக்கட்டும். நீர் அதை வைச்சு என்ன செய்யப்போறீர்?" என்றாள். பிறகு எல்லாரும் இடம்பெயர்ந்தோம். கடலேரி தாண்டும்போது அவளுடைய பெட்டி தண்ணீருக்குள் போனது. கடிதமும் அதோடு போனது.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எட்டு மாதம் படுத்தோம். மச்சாளுக்கு வேறு ஊரில் சிநேகிதி வீடு கிடைத்தது, ஆகவே அவள் எங்களோடு இல்லை. வகுப்பறைச் சுவரின் மேல் ஓரமாகச் சின்னப்பிள்ளைகளுக்கென்று அ தொடங்கி எழுத்தெல்லாம் பெரிதாக எழுதியிருந்தது. பாயில் படுத்தால் பார்க்க வேறொன்றும் கிடையாது. பக்கத்துப் பாய்க்காரியிடம் "உது என்ன, உது என்ன" என்று கேட்டுக் கேட்டுப் பிடித்துவிட்டேன். கதிரையும் பிரம்பும் இல்லாமல், படுத்த படுக்கையில் எழுத்துப் படித்தவள் நான்.

காணி உறுதியோடு சுற்றிக்கொண்டு வந்ததில் அவருடைய பழைய கடிதங்கள் ஆறு இருந்தன. எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு கடிதத்துக்கு ஒரு கிழமை எடுத்து வாசித்தேன். ஆறிலும், எனக்கு வாசிக்கப்படாத வரி இருந்தது. "நீ அனுப்பிய ஒடியல் மா நல்ல வெள்ளை, கடையில் எல்லோரும் கேட்டார்கள்" என்று ஒன்றில். "உன் குரல் கேளாமல் இங்கே சாப்பாடு இறங்கவில்லை" என்று இன்னொன்றில். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, ஒரு மனுஷன் தன் பெண்சாதிக்கு எழுதுகிற சின்னச் சின்ன விஷயம். அந்தச் சின்னதைக்கூட அவளால் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. என்னைப் பற்றி ஒரு நல்ல சொல் வந்தால் அவளுக்குத் தொண்டைக்குள் மீன் முள்.

ஆறிலும் விட்டவள் கடைசியிலும் விட்டிருப்பாள். அதை அவளிடம் நேரே கேட்டிருக்கலாம். ஊருக்குத் திரும்பி வந்து எத்தனையோ வருஷம் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கையில்தான் இருந்தோம். ஆனால் அவளிடம் போய் ஒன்றைக் கேட்டு நிற்பதா? என்னால் ஏலாது. என்றாவது அவளுக்கே மனம் உறுத்தும், தானாக வந்து சொல்வாள் என்று இருந்தேன். அதில் பிழைவிட்டவள் நான்தான். அவளுக்கு மனம் உறுத்தவில்லை, மறதி வந்தது. எனக்குச் செய்ததைக்கூட அவள் பாட்டுக்கு மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கத் தொடங்கினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் அடுப்பில் வைத்ததை மறந்தாள். பிறகு புருஷன் செத்ததை மறந்து, "இன்னும் வரேல்லை" என்று வாசல் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என் மானத்தை மடித்து வைத்துவிட்டு நான் போகத் தொடங்கினேன்.

"மச்சாள், தம்பியின்ர கடைசிக் கடிதம் ஞாபகமிருக்கே?"

"எந்தத் தம்பி?"

ஒருநாள் இப்படி. இன்னொரு நாள், "கடிதமோ? தபால்காரன் வந்திட்டானோ?" என்பாள். நாளுக்கு நாலு தரம் கேட்டேன்.

மச்சாளுக்கு ஒரு மகளும் ஒரு மகனும், எனக்கு மருமகளும் மருமகனும். மகள் தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவள், தாயோடு இருக்கிறாள். மகன் கனடாவில். ஞாபகம் எப்படி மூளையில் பிடிக்கிறது என்று படிக்கிறவனாம். யாருடைய மூளை என்று விசாரித்தேன். ஈயின் மூளையாம். வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ. இவ்வளவு தூரம் போய் ஈ ஓட்டுகிறான் என்று நான் ஊரில் சொன்னேன். சொல்ல வேண்டிய ஆட்கள் எல்லாருக்கும் சொன்னேன்.

போன வருஷம் அவன் மூன்று கிழமை லீவில் வந்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு வருகிறான். தாய் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த வகுப்புத் தம்பி நீர்?" என்று கேட்டாள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை. ஏழு வருஷம் எட்டிப் பார்க்காதவனை வேறு எப்படி விசாரிப்பது?

இரண்டாம் நாள் விறாந்தையில் அவனைப் பிடித்தேன். முப்பது வருஷத்துக்கு முந்தி ஒருவர் வாசித்த கடிதத்தை இந்தத் தலைக்குள்ளே இருந்து திரும்ப எடுக்க ஏலுமா என்று கேட்டேன். வாய் திறந்தான், முழுக்க இங்கிலிஷ்.

"தம்பி, தமிழில சொல்லும். ஈக்கு விளங்கினது எனக்கும் விளங்கும்."

"இல்லை மாமி, இது கொஞ்சம் கஷ்டம்..."

"கஷ்டமெண்டால் மெல்லமாச் சொல்லும். எனக்கு அவசரமில்லை."

கொஞ்ச நேரம் தேடித் தேடிச் சொன்னான். "மூளைக்குள்ள நரம்பும் நரம்பும் தொடுற இடங்கள் இருக்கு மாமி. ஞாபகம் அங்கதான் பிடிபடுது. ஆனா அங்க இருக்கிற புரதம் ஒண்டும் நிலைச்சு நிக்கிறேல்லை. பழசு அழிய அழியப் புதுசு வந்துகொண்டிருக்கும்."

"வீட்டில ஆக்களெல்லாம் மாறினாப் பேந்து, பழைய சண்டை மட்டும் எப்பிடி மாறாமல் கிடக்கும்?"

"அதைத்தான் நாங்களும் கேக்கிறம். ஒரு புரதம் இருக்கு. ஒரு விஷயம் பழகின இடத்தில அது ஒண்டோட ஒண்டு சேந்து கட்டிபடும். கட்டிபட்டாப் பிறகு, புதுசா வாறதையும் இழுத்துத் தன்னோட சேத்துக்கொள்ளும். தனித்தனியாப் பாத்தால் எல்லாம் புதுசு. ஆனா கட்டி அதே கட்டி. அதாலதான் ஞாபகம் நிக்குது எண்டு நினைக்கிறம். அதைக் கட்டிபட விடாட்டி, ஈ படிக்கும், ஆனா ரெண்டு நாளில மறந்திடும்."

"அப்ப கொம்மாக்கு அது கட்டிபடேல்லையோ?"

"அம்மாக்குக் கட்டிபட்டிருக்கிறது வேற புரதம். அது கூடாத கட்டி. நரம்பைச் சாக்காட்டும்."

நான் அவனை நன்றாகப் பார்த்தேன். "கட்டிபட்டால் ஞாபகம். கட்டிபட்டால் மறதி. இதைச் சொல்லவோ தம்பி இவ்வளவு காலம் பனிக்குள்ள கிடந்து படிச்சனீர்?"

முகம் சிவந்துவிட்டது. பாவம் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. "பாலுக்கு உறைமோர் விட்டால் உறைஞ்சு தயிராகும். அதே பாலைக் கழுவாத சட்டியில வைச்சுக் காய்ச்சினால் திரைஞ்சு போகும். ரெண்டும் கட்டிதான். ஒண்டு சோத்துக்கு, மற்றது கொட்டுறதுக்கு. இது எல்லாக் குசினியிலயும் நடக்கிறது."

"ஓம் மாமி! உறை விடுறது மாதிரித்தான். ஒரு எப்பன் உறை முழுப் பாலையும்..." கதிரையின் நுனிக்கே வந்துவிட்டான். சந்தோஷத்தில் கையைக் கையைத் தேய்த்தான். மாடு கறக்கிற வீட்டில் பிறந்தவன் இதைத் தெரிந்துகொள்ளக் கனடாவரை போக வேண்டியிருந்திருக்கிறது.

"அதை விடும். கடிதம் வருமோ வராதோ?"

"பழசு கனகாலம் நிக்கும் மாமி. முதல்ல போறது புதுசுதான். ஆனா ஒண்டு. ஒவ்வொரு முறை நினைக்கேக்கயும் அந்த ஞாபகம் ஒருக்கா இளகித் திரும்ப இறுகுது. இளகியிருக்கிற நேரத்தில வேற ஏதும் கலந்திடும். நீங்கள் நெடுகக் கேட்டுக் குடைஞ்சியளெண்டால், நீங்களே ஒரு கடிதத்தை எழுதி அவவின்ர தலைக்குள்ள வைச்சுப்போடுவியள்."

மூன்று கிழமையில் அவன் பேசியதில் எனக்குப் பிரயோசனப்பட்டது அது ஒன்றுதான். அன்றோடு கேட்பதை நிறுத்தினேன். தானாக வந்தால் வரட்டும். எனக்கு வேண்டியது அவர் எழுதிய வரி, நான் எழுதியது அல்ல.

நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுக்காரி முருங்கையிலை பிடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுக்குக் கேட்டது "அம்மா", "மூளை", "கட்டி" என்ற மூன்று சொல். அடுத்தநாள் மத்தியானத்துக்குள் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. ரீச்சருக்கு மூளைக்குள்ளே கட்டியாம், டொக்டர்மார் கைவிட்டிட்டினமாம், அதுதான் மகன் ஓடி வந்திருக்கிறானாம். சனம் விசுக்கோத்துப் பெட்டியோடும் சோடாப் போத்தலோடும் வரத் தொடங்கியது. சுருவிலில் இருந்து ஒருத்தி பஸ் ஏறி வந்து, படலையிலேயே அழத் தொடங்கினாள்.

"ஒப்பரேசன் செய்து கட்டியை எடுக்கேலாதாமோ?" என்று என்னைக் கேட்டாள்.

"எடுத்தால் உம்மட ஞாபகம் அவவுக்குத் திரும்ப வந்திடும். சும்மா சந்தோஷமா இருக்கிற மனுஷியை ஏன்?"

மருமகன் ஒவ்வொருவருக்கும் கையைக் காட்டி விளங்கப்படுத்தினான். "அது கட்டி இல்லை அன்ரி, கட்டிபடுறது." அவர்கள் தலையாட்டிவிட்டு, கட்டி எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். மச்சாள் மட்டும் நல்ல உற்சாகம். வந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளின் தாய்தகப்பன் என்று நினைத்து, சுருவில்காரியிடம், "உம்மட பெடியன் கணக்கில மோசம். வீட்டில ஒருத்தரும் பாக்கிறேல்லையோ?" என்று கண்டித்தாள். சுருவில்காரி இன்னும் சத்தம் வைத்து அழுதாள். அவளுடைய பெடியன் உண்மையிலேயே கணக்கில் மோசம்தான். அந்தப் பெடியனுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது.

மருமகன் திரும்பிப் போனான். ஊர்ச் சனமும் செத்த வீடு பிந்துகிறது என்று கண்டு வரத்தைக் குறைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் மச்சாள் மெலிந்தாள். கன்னம் உள்ளே போனது. கதிரையில் இருந்து தானாக எழும்புகிறவளை மகள் தூக்கி எழுப்ப வேண்டியிருந்தது. பேச்சும் குறைந்தது. முந்தி "ஆர் நீர்?" என்றாவது கேட்பாள், இப்போது கேட்பதும் இல்லை. என் வரி அவளுடைய சதையோடு சேர்ந்து கரைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன். கோப்பையில் குழையல் சோறும் பூசணிக்காயும். முதல்நாளும் பூசணிக்காய்தான் என்று குசினியில் மிச்சம் சொன்னது.

"மீன் எங்கை பிள்ளை?"

மருமகள் முழித்தாள்.

"முட்டை? பருப்பு?"

"நிப்பாட்டிப்போட்டன் மாமி." குரலைக் குறைத்துக்கொண்டு, பெரிய இரகசியம்போலச் சொன்னாள். "கிளினிக்கில மிஸ் படம் காட்டிச் சொன்னவ, மீன், முட்டை, பருப்பு, பால், உதெல்லாம்தான் புரதமாம். தம்பி சொன்னவன் புரதம்தான் அம்மான்ர மூளையில கட்டிபடுதாம். பேந்து அதையே நான் குடுத்தால்? அதுதான் ஒண்டும் குடுக்கிறேல்லை."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கதிரையில் கிடந்த உருவத்தைப் பார்க்க அந்தச் சிரிப்பு போய்விட்டது. தாயைக் கவனமாகப் பட்டினி போட்டிருக்கிறாள். அதுவும் அன்பினால்.

"முப்பது வருஷம் கந்தோரில இருந்து என்ன கண்டனீ? முத்திரை குத்தினதைத் தவிர?"

"மாமி, தம்பிதானே..."

"அவனைக் கூப்பிடு."

போனில் அவன் முகம் வந்தது. நித்திரையால் எழும்பினவன். விஷயத்தைச் சொன்னதும் கத்தினான். "அக்கா! தின்னுற புரதம் வயித்துக்குள்ள செமிச்சுப் போயிடும்! மூளையில கட்டிபடுறது மூளை தானே செய்யிற புரதம். மீன் குடு, முட்டை குடு, உடனே குடு!"

"நீ தானே அண்டைக்குச் சொன்னனீ..."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை!"

இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் சொல்லத் தெரியாத படிப்பாளி, ஒருத்தி கேட்கத் தெரியாத படிப்பாளி. மருமகள் அழத் தொடங்கினாள்.

"அழுறதைப் பேந்து அழு, பிள்ளை. சட்டியைக் கழுவு" என்றேன்.

குறிகட்டுவான் துறையில் வள்ளம் வந்து நின்ற நேரம் பார்த்து விளைமீன் எடுப்பித்து, அன்றைக்கே சொதி வைத்தேன். முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, என் கையால் தீத்தினேன். இந்தக் கையில் நெடுந்தீவு மணக்கிறது என்று ஒரு காலத்தில் நான் தொட்ட செம்பைக் கழுவிக் குடித்தவள் அவள். இப்போது வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். மூன்றாம் வாயில் மெல்லமாகச் சொன்னாள்:

"உப்புக் காணாது."

ஒரு மாதத்தில் அவள் பேசிய முதல் சொல். புருஷன், பிள்ளை, ஊர் எல்லாம் அழிந்தாலும் குறை பிடிக்கிற நரம்பு அழிவதில்லை. மருமகன் ஈயில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வெள்ளிக்கிழமைக்குப் பருப்பும் முட்டையும். மற்ற நாளில் மீன். ஒவ்வொரு நாளும் நானே போனேன். மருமகளை நம்பி விட நான் என்ன பைத்தியமா? ஒவ்வொரு வாய் கொடுக்கும்போதும் அந்த வரியைத்தான் நினைத்தேன். வாய் திறந்து கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் அவள் எழும்பி நடந்தாள், படலைவரை போய்ப் போகிற பிள்ளைகளை அதட்டினாள்.

மாரி தொடங்குவதற்கு முன்னர் ஒரு காலை, பத்து மணி இருக்கும். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். நான் விறாந்தை நிலத்தில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். மேசையில் கரண்ட் பில் கிடந்தது. மச்சாள் அதை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு என்னைக் குனிந்து பார்த்தாள். கையில் தாள், எதிரே நிலத்தில் ஒரு பெண்பிள்ளை. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வாசிக்கத் தொடங்கினாள். பில்லை அல்ல.

"இங்கே கடையில் வேலை அதிகம். பாதை திறந்தால் தைக்கு வரலாம் என்று முதலாளி சொல்கிறார். மழைக்கு முன் கூரைக்கு ஓலை போடுவிக்கவும். சிவலைப் பசு கன்று ஈன்றதா என்று எழுதவும்..."

அதே குரல். அதே இழுப்பு. எனக்கு அந்தக் கடிதம் ஒரு சொல் விடாமல் தெரியும், அவளும் ஒரு சொல் விடவில்லை. முருங்கைக் காம்பு கையோடு நின்றுவிட்டது. முடிவுக்குக் கிட்ட வந்தாள். நின்றாள். கண் கீழே போனது. மேலே வந்து என்னைப் பார்த்தது.

"சொல்லுங்கோ" என்று கேட்டுவிட நாக்கு துடித்தது. கேட்டால் அது என்னுடைய கடிதம் ஆகிவிடும். கையில் நின்ற காம்பை ஆய்ந்தேன்.

அவளுக்கு நிலத்தில் இருக்கிறவள் யார் என்று தெரியவில்லை. யாரோ அயல்வீட்டுப் பெண் என்று நினைத்திருப்பாள். முன்னுக்குச் சரிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"இந்தத் துண்டை நெடுந்தீவாளுக்கு நான் வாசிக்கிறேல்லை. நீர் போய்ச் சொல்லிப்போடாதையும்."

"சொல்ல மாட்டன்" என்றேன்.

வாசித்தாள். "அக்கா, இது உங்களுக்கு. நான் எழுதுவதெல்லாம் அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. கேட்டதற்கு மறுமொழி வருவதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துப் படிப்பித்தீர்கள். அவளுக்கும் படிப்பித்து விடுங்கள். அடுத்த கடிதத்தை அவளே வாசிக்கட்டும்."

பில்லை நாலாய் மடித்தாள். "படிப்பிச்சால் பேந்து அவள் ஏன் இஞ்ச வாறாள்? அவளுக்கு இஞ்ச என்ன இருக்கு?" என்றாள். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமி, "சுகமாயிருக்கவும்" என்று முடித்தாள்.

நான் மிச்ச இலையை ஆய்ந்து முடித்தேன். சொன்னால் கேட்கிறவள் அந்தக் கதிரையில் இல்லை.

பின்னேரம் மருமகனுக்குப் போன் எடுப்பித்தேன். நடந்ததைச் சொல்லி, அது உள்ளதா, மூளை கட்டிச் சொன்ன கதையா என்று கேட்டேன்.

"சொல்லேலாது மாமி. அவ்வளவு காலத்துக்குள்ள மாறியும் இருக்கலாம். கடிதம் கையில இருந்தால் ஒத்துப் பாக்கலாம்."

"கடிதம் கையில இருந்தால் உம்மட்டை ஏன் கேக்கிறன்?"

போனை வைத்துவிட்டு என் சொந்தத் தலையால் யோசித்தேன். ஈயில்லாமல் யோசித்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் அவளை அறிவேன். அவள் சொன்ன பொய் எல்லாம் எனக்குத் தெரியும், ஒவ்வொன்றும் தன்னை ஒரு படி ஏற்றுவதற்குச் சொன்ன பொய். கூடப்பிறந்த தம்பி தன்னைக் கையும் களவுமாகப் பிடித்தான் என்று தன்னை இறக்கிச் சொல்கிற பொய் அவளுக்கு நல்ல மூளை இருந்த காலத்திலேயே வராது. கெட்டுப்போன மூளையில் அது புதிதாக முளைக்காது. அவள் வாசித்தது அவர் எழுதியதுதான். இதற்கு எனக்கு ஒரு படிப்பாளியின் கையெழுத்தும் வேண்டியதில்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெற்கே ஒரு கடையில் நின்றுகொண்டு, மறுமொழியில் இல்லாததை வைத்து அவர் கண்டுபிடித்திருக்கிறார். முப்பது வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது, விட்டுப்போன வரியில் எனக்கு ஒரு கொஞ்சல் இருக்கும் என்று. கொஞ்சல் இல்லை. எனக்கென்று ஒரு சொல்லும் இல்லை. அது தமக்கைக்கு எழுதியது. ஆனால் ஆறு கடிதத்தில் உள்ளதையும் சேர்த்துத் தராசில் நிறுத்தாலும் இதற்குக் கீழேதான்.

இன்னும் போகிறேன். மருமகளுக்கு மீனில் முள் எடுக்கத் தெரியாது. ஊர் இப்போதும் என்னைப் பெரிய மனுஷி என்கிறது. மச்சாளை நான் மன்னிக்கவில்லை. தான் செய்தது இன்னதென்று அறியாதவளை மன்னித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அடுத்த கடிதத்தை நானே வாசிக்க வேண்டும் என்று எழுதியவர் அடுத்த கடிதம் எழுத இருக்கவில்லை. அது அவள் செய்ததல்ல. அதை மட்டும் அவள் தலையில் நான் போடமாட்டேன். மற்றதெல்லாம் அவள்தான்.